வேரில்லாச் செடிக்கும் ஒரு தொட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிப் பேசும்போது குடுவைச் செடியோடு நின்றுவிடுகிறோம். நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே வேரின்றி மிதந்தபடி, இமைப்பொழுதுக்கும் குறைவான நேரத்தில் இலைப்பொறியை மூடிச் சிறு நீருயிர்களைப் பிடிக்கும் ஆல்ட்ரோவாண்டாவைப் பலர் அறியார். 1696இல் இந்திய மாதிரியைக் கொண்டே ஐரோப்பியத் தாவர நூலில் இது முதலில் இடம்பெற்றது. இன்று உலக அளவில் அழியும் நிலையில் உள்ளது.

விதை அரிதாகவே உண்டாவதால், தண்டைத் துண்டாக்கி மிதக்கவிடுவதே நம்பத்தக்க பெருக்கமுறை. நுனியோ பக்கக்கிளையோ உள்ள துண்டு தனிச்செடியாகிவிடும். கடினமெல்லாம் தண்ணீரில்தான். சற்றே அமிலத்தன்மையும் கரியமில வாயு மிகுதியும் கொண்ட, உரச்சத்துக் குறைந்த தெளிநீர் வேண்டும்; கோரை, சம்பு ஆகியவற்றை உடன் வளர்த்து, அவற்றின் சருகைத் தொட்டியின் அடியில் மட்கவிடுவது இதற்கு உதவும். இழைப்பாசி படர்ந்தால் செடி நலிந்துபோகும் என்பதால் அதைத் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும்.

ஜப்பானின் ஹன்யூ நகரக் குளமொன்றில் 1960களில் அழிந்த இச்செடியை, வளர்ப்பில் பெருக்கிய செடிகளைக் கொண்டே மீட்க முயன்றனர். நம் தாவரவியல் பூங்காக்களும் கல்லூரித் துறைகளும், இயற்கை நீர்நிலைகளிலிருந்து அள்ளாமல், வளர்ப்புச் செடிகளைப் பெற்று இப்பணியைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்