பிரிந்த குழந்தைக்கு முதலில் தேவை உறவைத் தேடும் கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர், வெள்ளம், நிலநடுக்கம் என்று உலகில் எங்கே எது நேர்ந்தாலும், சில நாட்களுக்குள் திருச்சபைகளில் காணிக்கை குவிந்துவிடுகிறது. ஆட்களும் கிளம்பிவிடுகிறார்கள். அரசு அலுவலகங்கள் கோப்பைத் திறப்பதற்குள் அடுப்பை மூட்டிவிடுகிறவர்கள் சபையார்தான் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் இதே வேகம் ஆறாத காயத்தை உண்டாக்கிவிடலாம். அகதிகளிடையே மிஷன் பணி செய்கிறவர்கள் என்ற முறையில் சபைகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: அநாதை இல்லம் கட்டக் கல் எடுப்பதற்கு முன்னால், குடும்பத்தைப் பிரிந்த குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அதே மாதம் 29ஆம் தேதி, அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் 10 பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணம் எதுவுமின்றி எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்றபோது கைது செய்யப்பட்டார்கள். அங்கே ஓர் இல்லம் அமைப்பது அவர்கள் திட்டம். விசாரித்தால், அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். கடத்தல் குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர்கள் தீய எண்ணத்தோடு போனவர்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடியபோது குழந்தை இயேசுவும் தாயோடும் யோசேப்போடும்தான் போனார்.

முகாமில் தனியாக நிற்கும் குழந்தைகள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. சிலர் பெற்றோரைப் பிரிந்து, பாட்டியோடோ சித்தப்பாவோடோ வந்திருப்பார்கள். சிலருடன் பெரியவர் யாருமே இருக்க மாட்டார்கள். பெற்றோர் இருவரும் இறந்தது உறுதியானவர்கள் மிகக் குறைவு. தேடி முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் அநாதை என்று பதிவு செய்யக் கூடாது. தத்துக் கொடுக்கும் பேச்சுக்கும் அதுவரை இடமில்லை.

தேடுவதற்கு ஆதாரமே முதல் பதிவுதான். குழந்தையைத் தூக்கிவந்தவர் கிளம்பிப் போவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் அவர் ஒருவர்தான் சாட்சி. எந்தச் சாலை, எந்த நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், கூட்டம் எந்தத் திசையில் போனது என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். ‘சாலையோரம் கண்டெடுக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் பிறகு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. குழந்தைக்குப் புதுத்துணி மாட்டிவிட்டுப் பழைய துணியைத் தூக்கி எறிவது பல முகாம்களில் நடக்கிறது. எறியாதீர்கள். உடுத்தியிருந்த துணி, சுற்றியிருந்த போர்வை, கையில் கிடந்த கயிறு, வளையல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பதிவு எண்ணை எழுதிக் கட்டி வையுங்கள். கிழிந்த இடத்தில் தான் போட்ட தையலைத் தாய் அடையாளம் கண்டுகொள்வாள்.

நான்கு வயதுப் பிள்ளையிடம் அம்மாவின் பெயரைக் கேட்டால் ‘அம்மா’ என்றுதான் பதில் வரும். அக்கம்பக்கத்தார் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள், அண்ணன் எந்தப் பள்ளிக்குப் போனான், வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு உண்டா, ரயில் சத்தம் கேட்குமா, சாமி கும்பிட எங்கே போவீர்கள், பாட்டி வீட்டுக்கு நடந்தே போகலாமா என்று கேட்க வேண்டும். அதையும் பிள்ளையின் மொழி பேசுகிறவர்தான் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் கேட்டால், பயந்துபோன பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி உட்கார்ந்து பேசும்போதுதான் பல விவரங்கள் வெளியே வரும். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வந்திருந்தால் அவர்களை ஒரு இரவுகூடப் பிரித்து வைக்காதீர்கள்.

பதிவின் பிரதி அந்த நாட்டின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பம் தேடும் பிரிவுக்கும், அகதிகள் என்றால் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரே முகாமில் மூன்று மிஷன்கள் மூன்று நோட்டுகளில் எழுதிவைத்துக்கொண்டால், பிள்ளையைத் தேடி வரும் தாய் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுவாள். பிள்ளையோ மூன்றாவது நோட்டில் இருக்கும். குழந்தையின் முகம், பெயர், முகாம் மூன்றையும் சேர்த்து வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடுவது இதைவிட ஆபத்தானது. பொய்யாகப் பெற்றோர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு வேண்டிய எல்லா விவரங்களையும் நாமே கொடுத்தது போலாகும். பொது இடத்தில் ஒட்டும் படத்தில் பதிவு எண் மட்டும் இருக்கட்டும். உரிமை கோரி ஒருவர் வந்தால் அவரிடமும் குழந்தையிடமும் தனித்தனியே ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் நல்ல அறிகுறிதான். ஆனால் அது ஒன்றே போதாது. ஓடிப்போகவில்லை என்பதற்காக மறுத்துவிடவும் கூடாது. பல மாதப் பிரிவுக்குப் பிறகு தாயைக் கண்டு மிரண்டு ஒதுங்கும் குழந்தைகளும் உண்டு.

இனி, மிஷன் இல்லங்களிடம் நாங்கள் கெஞ்சியே கேட்க வேண்டிய ஒன்று. குழந்தையின் பெயரை மாற்றாதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே வேதாகமப் பெயர் சூட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் தேடும் பட்டியலில் உள்ள பெயரும் இல்லப் பதிவேட்டில் உள்ள பெயரும் வேறுவேறாகிவிட்டால், அந்தக் குழந்தையை அதன் தகப்பனால் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம். சிறு குழந்தை என்றால் அதுவே பழைய பெயரை மறந்துவிடலாம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 8ஆம் பிரிவில், பெயரையும் குடும்ப உறவையும் காத்துக்கொள்ளும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. குடும்பத்தை இழந்த குழந்தையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. தங்கள் பிள்ளைகளின் சமயக் கல்வியைத் தீர்மானிக்க அகதிகளுக்குள்ள சுதந்திரத்தை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை 4ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே பெற்றோரைத் தேடிக்கொண்டிருக்கும் காலத்தில் ஞானஸ்நானம் வேண்டாம்.

தேடி முடியும்வரை குழந்தை எங்கே இருப்பது? முதலில் சொந்தக்காரர் வீடு. இல்லையென்றால் அதே ஊரிலிருந்து, அதே மொழி பேசி வந்த, விசாரித்துத் தேர்ந்த வளர்ப்புக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் ரேஷனும் ஒரு பாயும் போர்வையும் கொடுத்து, வாரம் ஒருமுறையாவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கப் போகாவிட்டால் குழந்தை வேலைக்காரப் பிள்ளையாகிவிடும் ஆபத்து உண்டு. பெற்றோரோடு வளர முடியாத குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் இரண்டைத் தெளிவாகச் சொல்கின்றன: வறுமையை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குடும்பச் சூழலில்தான் வளர வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சியின் பலமும் இருக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், அரசு இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டி உறவாடுவதிலும் அவர்கள் இல்லத்திலேயே தொடர்ந்தவர்களை முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. இல்லத்தில் சோறும் துணியும் கிடைக்கும். ஆனால் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் தூக்கும் கை மாறுகிறது. இரண்டு வாரம் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் அந்தப் பிரிவுகளில் மேலும் ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஆலய மண்டபத்தைத் திறந்துவிடும் சபைகளுக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு மூடிய இடத்தில் 3.5 சதுர மீட்டர் வேண்டும் என்பது மனிதநேயப் பணிக்கான ஸ்ஃபியர் தரநிலை. 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள மண்டபம் என்றால் 360 சதுர மீட்டர். அதில் 100 பேர்தான் தங்கலாம். சமைக்கவும் குளிக்கவும் தனி இடம் வேண்டும். இரக்கப்பட்டு 300 பேரை உள்ளே விட்டால், ஒரு குழந்தைக்கு வந்த தட்டம்மை மண்டபம் முழுக்கப் பரவிவிடும். நாளொன்றுக்குத் தலைக்கு 15 லிட்டர் தண்ணீர், அதாவது 100 பேருக்கு 1,500 லிட்டர். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் இல்லாத கழிப்பறைக்கு இரவில் சிறுமிகள் போக மாட்டார்கள். அடக்கிக்கொண்டு கிடப்பார்கள், அல்லது இருட்டில் வெளியே போவார்கள். இரண்டுமே ஆபத்து. துணையில்லாத குழந்தைகளை அறிமுகமற்ற பெரியவர்களின் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. சபையின் தன்னார்வலரே ஆனாலும் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது; எப்போதும் இருவர் இருக்க வேண்டும்.

வந்து சேரும் 6 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போட சுகாதாரத் துறையை உடனே அழையுங்கள். ஒன்பது மாதம் நிறையாமல் போட்டுக்கொண்ட குழந்தைக்கு, ஒன்பது மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ளவர்களின் இடது மேற்கையின் நடுப்பகுதியில் அளவு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால், கை அளவு எதுவானாலும் அதுவும் கடுமையான நிலைதான். அப்படிப்பட்ட குழந்தைக்கு வயிறு நிறைய விருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மெலிந்த உடம்பில் திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுபோகலாம்.

பால்பவுடர் டின்களை அனுப்பாதீர்கள். கொதிக்க வைக்க விறகும் கழுவ நல்ல தண்ணீரும் இல்லாத இடத்தில் பால்புட்டி வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். இலவச டின் கிடைத்த தாய் தாய்ப்பாலைக் குறைப்பாள், சுரப்பு வற்றும், டின் தீர்ந்த பிறகு குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு உணவும் மறைவான ஓர் இடமும் கொடுத்தால் பெரும்பாலும் பால் சுரக்கும். தாயில்லாத குழந்தைக்கு மட்டும் மருத்துவப் பணியாளர் மேற்பார்வையில், புட்டியில் அல்லாமல் கிண்ணத்தில் புகட்ட வேண்டும். பழைய துணி மூட்டைகளும் வேண்டாம். பிரித்து அடுக்கவே பத்துப் பேர் வேண்டும். காலாவதியாக ஓராண்டாவது இல்லாத மருந்தும் வேண்டாம். பணமாகக் கொடுங்கள்.

ஜெபத்தையும் ரேஷனையும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகளின் மூன்றாவது விதி, உதவியை அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இது சபைக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்டதன்று. அதை முன்மொழிந்தவர்களில் காரித்தாஸ், கத்தோலிக்க நிவாரணப் பணி, லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. ரேஷன் கொடுக்கும் நாளில், அதே இடத்தில், அதே ஆட்களைக் கொண்டு ஆராதனை நடத்தாதீர்கள். உணவுப் பையில் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். யாராவது விசுவாசத்தைப் பற்றித் தாமாகவே கேட்டால் தாராளமாகப் பேசுங்கள். கேட்டவர் வரிசையில் நிற்கும்போது மட்டும் வேண்டாம். பசியோடு நிற்கிறவரின் ‘ஆமென்’ மனதார வந்ததா என்று நம்மால் அறிய முடியாது. சமயத்துக்காகத் துரத்தப்பட்டு வந்தவருக்கோ, அது துரத்தியவர்களை நினைவூட்டும். அடைக்கல விண்ணப்பத்துக்காக ஞானஸ்நானச் சான்று கேட்டு வருகிறவர்களிடமும் போதகர்கள் நிதானமாக இருக்க வேண்டும். எப்போதிலிருந்து ஆலயத்துக்கு வருகிறார், எதில் பங்கெடுக்கிறார் என்று கண்டதை மட்டும் எழுதிக் கொடுங்கள். அவசர ஞானஸ்நானம் விசாரணையில் அவருக்கே பாதகமாகலாம்.

ஏற்கெனவே இல்லம் நடத்துகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நாளையே பூட்டிவிடவும் சொல்லவில்லை. திடீரென்று மூடினால் குழந்தைகள் தெருவுக்குத்தான் போவார்கள். முதலில் புதுச் சேர்க்கையை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு குழந்தையின் கோப்பையும் எடுத்து, வீட்டைத் தேடிப் போய், எதற்காக அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்துச் செலவு, வாடகை என்றுதான் பெரும்பாலும் விடை வரும். இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் அதைச் சமாளிக்கலாம். வீடு திரும்பிய குழந்தையை முதல் மாதம் வாரந்தோறும், பிறகு ஓராண்டாவது மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் அடி, குடி, வன்முறை இருந்தால் திருப்பி அனுப்பக் கூடாது. சமையற்காரரும் வார்டனும் வேலை போகுமோ என்று அஞ்சுவார்கள். குழந்தைகளை நன்கறிந்த அவர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு தேடிப் போகும் பணியாளர்களாக்கலாம்.

நன்கொடையாளர்கள் இங்கேதான் உதவ வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பணம் அனுப்பினால், படுக்கை காலியாகும்போதெல்லாம் இல்லத்துக்கு வருமானம் குறைகிறது; நிரப்பத்தான் தோன்றும். அடுத்த ஆண்டுக் காணிக்கையை எழுதும்போது குழந்தைகளின் எண்ணிக்கையோடு அதைக் கட்டாதீர்கள். எத்தனை குழந்தைகளுக்கு உறவினரைத் தேடினீர்கள், எத்தனை பேரை வீட்டில் போய்ப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இல்லமும் வீட்டுப் பராமரிப்பும் சேர்ந்து நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் செலவு கூடவே செய்யும். அந்த ஆண்டுகளில் பணத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அகதிக் குழந்தைகள் நலப் பணியில் உள்ள மிஷன் பணியாளர்கள்