சாக்பீஸ் கோடு

மதுரை,
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதில் தாமதமானதற்குக் காரணம் என் கார். நீயும் ஏறக்குறைய அதே வயதுக் காரில் அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். அதனால் நடந்ததை விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வெறும் கீச்சொலிதான். காலையில் வண்டியைக் கிளப்பியதும் பெல்ட் கத்தும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். பட்டறையில் காட்டினேன், பெல்ட்டை மாற்றினார்கள். பத்து நாளில் சத்தம் திரும்பியது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினார்கள். அதற்கும் அடங்கவில்லை, கூடவே அடியில் 'டக் டக்' என்று மந்தமான தட்டலும் சேர்ந்துகொண்டது. போன மாதம் திண்டுக்கல் போகும் வழியில், வாடிப்பட்டியைத் தாண்டியதும் பேட்டரி விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தால் கருகிய ரப்பர் வாடை.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த பெரியவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, முன்சக்கரத்தருகே குந்தி டார்ச் அடித்தார். "பெல்ட்டை விடுங்கள், கீழே இருக்கும் புல்லியைப் பாருங்கள்" என்றார். எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலிருந்து பெல்ட்டைச் சுற்றும் புல்லியின் வெளிவிளிம்பு, கோணலான சைக்கிள் சக்கரம் போல உள்ளும் புறமும் அசைந்தாடியது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, புல்லியின் நடுவிலிருந்து விளிம்பு வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டார். ஒரு நிமிடம் ஓடவிட்டு மறுபடி நிறுத்தினோம். கோடு இரண்டாகி, வெளித்துண்டு மூன்று விரற்கடை விலகி நின்றது.

பாலிடெக்னிக்கில் வெட்டிவைத்த எஞ்சினில் அந்தப் புல்லியை நாம் எத்தனை முறை கையால் சுற்றியிருப்போம்! அதை ஒரே வார்ப்பு என்றே நினைத்திருந்தேன். உள்ளே ஒரு குடம், வெளியே கனத்த வளையம், இரண்டையும் பிடித்துவைப்பது நடுவிலுள்ள ரப்பர் பட்டை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு எரிபொருள் வெடிப்பு. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 வெடிப்பு. ஒவ்வொன்றும் தண்டை நூலிழை அளவு முறுக்கி விடுகிறது. அந்த முறுக்கத்தை அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. சூட்டிலும் ஆயில் கசிவிலும் பதினோரு வருடம் கிடந்த ரப்பர் விரிசல் விட்டுப் பிரிந்துபோனால், குடம் சுற்றினாலும் வளையம் வழுக்கும். அந்த பெல்ட்டில் ஓடும், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரும் ஸ்டீயரிங் பம்பும் சோர்ந்துபோகும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் எஞ்சினே கொதித்துவிடும்.

உதிரிபாகக் கடையில் ரப்பர் இல்லாத முழு இரும்புப் புல்லியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் நீண்ட தண்டுகள் இந்த முறுக்கத்தால் முறிந்தபோதுதான் ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதிர்வைத் தணிக்கும் வளையத்தை வடிவமைத்தார். அவ்வளவு பாடுபட்டுக் கண்டதைச் சில நூறு ரூபாய்க்காகத் தூக்கியெறிய எனக்கு மனம் வரவில்லை.

மாற்றும் வேலையைப் பெரியவரிடமே கொடுத்து, கூடவே நின்றேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்றினார். பெல்ட் போகும் வழியை ஒரு அட்டையில் வரைந்துகொண்டார். நடுபோல்ட்தான் பிடிவாதம் பிடித்தது. ஃபிளைவீலைப் பூட்டி, நீளக் குழாயை மாட்டி இருவரும் அழுத்தியபின்தான் இளகியது. சில எஞ்சின்களில், தண்டோடு வழுக்காமல் பூட்டும் சாவிக்கட்டை என்ற சிறு இரும்புத் துண்டு இருக்காது. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குசெய்யும் டைமிங் பல்சக்கரத்தையும் அந்த போல்ட்டின் இறுக்கம்தான் பிடித்திருக்கும். அங்கே பூட்டும் கருவி இல்லாமல் இளக்கினால் டைமிங்கே விலகிவிடும். உன் வண்டி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளாமல் கைவைக்க விடாதே. சுத்தியலையும் பக்கத்தில் வரவிடாதே. அடித்தால், தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷருக்குக் கேடு. அவர் புல்லர் என்ற இழுகருவியைக் குடத்தில் மாட்டித்தான் இழுத்தார்.

பழைய புல்லி கையில் வந்ததும் வெளிவளையத்தைத் திருகிப் பார்த்தேன். தேய்ந்த வளையல் போலத் தனியாகச் சுற்றியது, கைநிறையக் கருந்தூள் உதிர்ந்தது. பின்னாலிருந்த ஆயில் சீலும் கசிந்திருந்ததால் அதையும் மாற்றினோம். மாற்றாவிட்டால் புது ரப்பரும் அதே எண்ணெயில் ஊறும். புது போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, அதற்குமேல் 90 பாகை திருப்பினார். இப்போது ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. அந்த நடுக்கம் வெகுநாளாகவே இருந்திருக்கிறது, எனக்குப் பழகிப்போயிருந்தது.

பட்டறைக்காரர்கள் பணம் வாங்கியதைவிட, இரண்டு முறையும் ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

உன் வண்டியும் காலையில் கத்துகிறது என்று எழுதியிருந்தாய். பழனிக்குக் கிளம்புமுன் யாரையாவது வைத்து அந்தக் கோட்டைப் போட்டுப் பார். சட்டைக்கை, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் கவனமாக இரு. எஞ்சின் நின்ற பிறகே கையை நீட்டு. கோடு விலகியிருந்தால் உடனே எனக்குப் போன் செய். என் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவை அதிலேயே அழைத்துப் போவோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்