பாக்ஸ்ல போட்டிருக்க ரியர் கர்ட்டன் சிங்க் ட்ரிக்கர்ல வேலை செய்யல - புகார்

வணக்கம் சார்,

உங்க கேமரா ஃப்ளாஷையும், அதைத் தள்ளி வச்சு வயர் இல்லாம அடிக்க வைக்கிற வயர்லெஸ் ட்ரிக்கரையும் சேர்த்து போன மாசம் வாங்கினேன், பில் இணைச்சிருக்கேன். மத்த கம்பெனி செட்டெல்லாம் விட்டுட்டு இதை எடுத்ததே ட்ரிக்கர்லயும் ரியர் கர்ட்டன் சிங்க் (ஷட்டர் மூடுறதுக்குச் சற்று முன்னாடி ஃப்ளாஷ் அடிக்கிறது) உண்டுன்னு பாக்ஸ்ல நீங்க போட்டிருந்ததாலதான்.

எங்க ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுல ராத்திரி சிலம்பம் எடுக்கப் போனேன். ஷட்டர் 1/8 செகண்ட், ஃப்ளாஷ் ஸ்டாண்டுல ஓரமா. கம்பு சுத்துற தடம் விசிறி மாதிரி விழுந்து, ஷட்டர் மூடப்போற நேரத்துல ஃப்ளாஷ் அடிச்சு, அந்தத் தடத்தோட முனையில கம்பும் கையும் பளிச்னு நிக்கணும், அதுக்குத்தான் ரியர் சிங்க். வந்த படம் அத்தனையும் தலைகீழ் சார். பையன் ஆரம்பத்துலயே உறைஞ்சு நிக்கிறான், தடம் அவனுக்கு முன்னாடி ஓடுது, பாய்ஞ்சு வர்றவன் பின்னாடி போற மாதிரி இருக்கு. வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான் அது, திரும்ப எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து ரூமை இருட்டாக்கி ஷட்டரை 2 செகண்ட் வச்சுப் பார்த்தேன். ஃப்ளாஷை கேமரா மேலேயே மாட்டினா 2 செகண்ட் முடியுறப்ப கரெக்டா அடிக்குது, அதே ஃப்ளாஷை ட்ரிக்கர்ல போட்டா பட்டனை அமுக்கின உடனே அடிச்சிடுது, முடியுறப்ப ஒண்ணுமே இல்ல. அப்ப கோளாறு ட்ரிக்கர்லதான, கேமராவுல இல்லையே.

சர்வீஸ் சென்டர்ல காட்டினா ஆரம்பத்துல அடிக்கிறது டிடிஎல் ப்ரீ ஃப்ளாஷ், அதாவது வெளிச்சத்தை அளக்க மெயின் ஃப்ளாஷுக்கு முன்னாடி வர்ற சின்ன ஃப்ளாஷ்னு சொல்றாங்க. ப்ரீ ஃப்ளாஷ்னா கடைசியில மெயின் ஃப்ளாஷ் வரணும்ல? அதுவும் நான் டெஸ்ட் பண்ணது மேனுவல்ல, பவரை நானே 1/16னு வச்சு, அதுல ப்ரீ ஃப்ளாஷுக்கு வேலையே இல்ல. அப்புறம் ஷட்டரை 1/200ல வச்சு எடுங்கன்னு ஒரு யோசனை வேற சொன்னாங்க. 1/200ல எடுத்தா கம்பு சும்மா குச்சி மாதிரி நிக்கும், சுத்துற வேகம் படத்துல எங்க வரும்? தடம் வேணும்னுதான சார் ரியர் சிங்க் கேக்குறோம்.

2 செகண்ட் டெஸ்ட் ரெண்டையும் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேன், உங்க டெக்னிக்கல் ஆளுங்களை விட்டுப் பாக்க சொல்லுங்க. ஃபர்ம்வேர்ல (ட்ரிக்கருக்குள்ள இருக்க சாஃப்ட்வேர்ல) சரி பண்ண முடியும்னா 15 நாளுக்குள்ள தாங்க, முடியாதுன்னா செட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் குடுத்துடுங்க. அதுவரைக்கும் பாக்ஸ்ல இருக்க அந்த வரியையாவது எடுத்துடுங்க, அதை நம்பி இன்னொருத்தர் திருவிழாவுக்குக் கெளம்பிடக் கூடாது.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்