மலையேற்றத்துக்கு எந்தக் கேமரா?

ஆசிரியருக்கு,

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். எடையைப் பாருங்கள் என்பேன். நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானத்தில் ஒருவருக்கு மூட்டை மொத்தமே சுமார் 15 கிலோதான், அப்புறம் 2,860 மீட்டர் உயரத்து லுக்லாவிலிருந்து 5,364 மீட்டர் உயரத்து முகாம் வரை கேமரா தொங்கப் போவது உங்கள் கழுத்தில்தான், கடைக்காரர் கழுத்தில் இல்லை. இரண்டு லென்ஸோடு பெரிய டிஎஸ்எல்ஆரைத் தூக்கிப்போன நான் வழியிலுள்ள நாம்சே ஊரைத் தாண்டியதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு செல்போனில்தான் படமெடுத்தேன்!

ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற முரட்டுக் கேமரா கால் கிலோதான் இருக்கும், தண்ணீர், தூசி, மைனஸ் 10 டிகிரி குளிர் எல்லாம் தாங்கும். ஆனால் சென்சார், அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு, சிறியது, இரவு வானத்தை எடுக்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான். அதற்கு ஒரே லென்ஸோடு சின்ன மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) சரி.

எதை எடுத்தாலும் பேட்டரி கூடுதலாக வேண்டும், குளிரில் சட்டென்று இறங்கிவிடும். இரவில் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போக விடுதிகளில் சார்ஜ் போடவே தனிக் காசு, அதுவும் ஏறிக்கொண்டே போகும். விமானத்தில் கூடுதல் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரியும் கூடத்துக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒரு வாசகர், ஈரோடு