வேகச் சோதனைக் கணினியில் ஒளிந்திருந்த ப்ராக்ஸி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. எங்கள் இணையதள வேகச் சோதனைக் கணினி என்னை விடாமல் பிடித்துவைத்திருந்ததால்தான் பதில் எழுத முடியவில்லை. நீயும் இதே தொழிலில் இருப்பதால் முழுக் கதையையும் சொல்கிறேன்.

இரவுதோறும் ஒரே பத்துப் பக்கங்களைக் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் திறந்து அளக்கும் விண்டோஸ் கணினி அது. ஒரு திங்கட்கிழமையிலிருந்து குரோமில் மட்டும் பக்கங்கள் திறக்கத் தாமதமாயின. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். தளத்தை எழுதுகிறவர்கள் மீது பழியைப் போட்டு, அவர்கள் இரண்டு நாள் தங்கள் நிரலைப் புரட்டிக் களைத்த பிறகுதான் ஒவ்வொரு கோப்பும் வர எடுத்த நேரத்தைப் பட்டைகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் வரைபடத்தை வரிவரியாகப் படித்தேன். பெயரிலிருந்து சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் தேடலைக் காட்டும் பட்டை ஒரு வரியிலும் இல்லை. படங்கள் ஒரு சர்வரிலிருந்தும் எழுத்துருக்கள் வேறொன்றிலிருந்தும் வரவேண்டிய பக்கத்தில், எல்லாக் கோரிக்கைகளுக்கும் நேரே 3128 என்ற போர்ட்டுடன் ஒரே முகவரி நின்றது. எச்டிடிபி என்ற இணைய நெறிமுறையின் 3ஆம் பதிப்பில் வந்துகொண்டிருந்த கோப்புகளும் 2ஆம் பதிப்புக்கு இறங்கியிருந்தன. நம் கோரிக்கைகளை வாங்கித் தளத்திடம் கடத்தும் ப்ராக்ஸி என்ற இடைச் சர்வர் நடுவே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தளத்தின் பெயருக்குரிய முகவரியைத் தேடும் வேலையை அப்போது ப்ராக்ஸியே ஏற்றுக்கொள்வதால், உலாவிக்கு ப்ராக்ஸியின் முகவரி மட்டுமே தெரியும்.

ஆனால் விண்டோஸ் அமைப்புகளில் ப்ராக்ஸி அணைந்தே இருந்தது. மூன்று முறை பார்த்தேன். கட்டளைத் திரையில் 'நெட்ஷ்' கொண்டு கேட்டபோதும் நேரடி இணைப்பு என்றே பதில் வந்தது. அது காட்டுவது விண்டோஸின் பின்னணிச் சேவைகள் பயன்படுத்தும் வின்எச்டிடிபியின் தனி அமைப்பை, குரோம் படிப்பது வேறொன்றை என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கடைசியில்தான் உறைத்தது: விண்டோஸ் இந்த அமைப்பைப் பயனர் கணக்குதோறும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நான் பார்த்தது என் கணக்கை. சோதனை ஓடுவதோ அதற்கென்றே வைத்த வேறொரு கணக்கில். அங்கே, 'அமைப்புகளைத் தானாகக் கண்டறி' என்பது தொடக்கம் முதலே இயங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் எங்கள் வலையமைப்பில் தானாகக் கண்டறியும்போது கணினி தேடுகிற 'டபிள்யூபேட்' என்ற பெயருக்குப் பதில் சொல்லும் சர்வர் ஒன்று புதிதாக முளைத்ததும், எந்த ப்ராக்ஸி வழியே போவது என்று சொல்லும் பேக் கோப்பைக் குரோம் அதனிடம் வாங்கிக்கொண்டு அது காட்டிய வழியில் போய்விட்டது. ஃபயர்பாக்ஸ் தப்பியது என் சாமர்த்தியமன்று. என்றோ ஒரு நாள் அதன் சொந்த அமைப்பில் 'ப்ராக்ஸி வேண்டாம்' என்று குறித்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கண்டறிதலை அணைத்துவிட்டு, குரோமைத் தொடங்கும் கட்டளையிலும் 'நோ-ப்ராக்ஸி-சர்வர்' என்ற கொடியைச் சேர்த்தேன். மறுநாள் டிஎன்எஸ் பட்டைகள் திரும்ப வந்தன. இடைப்பட்ட இரவுகளின் எண்களை அழிக்க மனம் வரவில்லை. வரைபடத்தில் சிவப்புக் கோடிட்டு விட்டுவைத்திருக்கிறேன்.

உன் சிக்கல் இதற்கு நேர்மாறானது. லோக்கல்ஹோஸ்டில், அதாவது உன் கணினியிலேயே, ஓடும் பக்கம், கோரிக்கைகளைப் பதிவுசெய்யும் உன் ப்ராக்ஸியில் விழவில்லை என்று எழுதியிருந்தாய். குரோம் 72ஆம் பதிப்பிலிருந்து, ப்ராக்ஸியை நாமே குறிப்பிட்டாலும் லோக்கல்ஹோஸ்டை அது தானாகவே விலக்கிவிடுகிறது. அந்தத் தானான விலக்கை நீக்க, ப்ராக்ஸி விலக்குப் பட்டியலில், கோணக் குறிகளுக்குள் கழித்தல் குறியிட்டு 'லூப்பேக்' என்று சேர்த்துப் பார். விழுந்ததா என்று எழுது. இந்த முறை மூன்று வாரம் காக்கவைக்க மாட்டேன்.

அன்புடன்,
ரவி