‘கண்டித்தால் சரியாகிவிடும்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓரிடத்தில் உட்காராத ஏழு வயது மகனைப் பற்றிக் கேட்ட தாய்க்கு, ‘செல்போனைப் பிடுங்கி வையுங்கள், கண்டிப்பாக இருங்கள், வளர வளரச் சரியாகிவிடும்’ என்று சென்ற ஞாயிறு இணைப்பில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் நொந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஏ.டி.ஹெச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு இருக்கலாம். அது மூளை வளர்ச்சி சார்ந்தது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பது தங்களுக்குத் தெரியாததா?

முதலில் கண்ணும் காதும் பரிசோதிக்க வேண்டும். குறட்டை விடுகிறானா, ரத்தசோகை இருக்கிறதா, நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறானா என்று கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது வலிப்பாகவும் இருக்கலாம். கவனக்குறைவுக்கு 9, துறுதுறுப்புக்கும் அவசரப்படுவதற்கும் சேர்த்து 9 என்று அறிகுறிகள் உண்டு. ஏதாவது ஒன்றில் 6 அறிகுறியாவது ஆறு மாதமாக, வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவும் வேண்டும். அதற்காகத்தான் வகுப்பாசிரியரிடம் படிவம் கொடுத்தனுப்புகிறோம். அது பாதி நேரம் எல்லாக் கட்டத்திலும் ‘எப்போதும்’ என்று டிக் அடித்துத் திரும்பி வருகிறது. அதை வைத்து மருத்துவர் எதைக் கண்டுபிடிப்பார்?

இதற்குக் கொடுக்கும் மாத்திரையைப் போதை மருந்து போலச் சித்திரித்து முன்பு ஒரு கட்டுரை போட்டீர்கள். அதைக் கத்தரித்து எடுத்துவந்து காட்டிய பெற்றோர் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. அந்த வயதுக்கு மேல், தேவைப்பட்டால், கவனத்தைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து. சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்கும் நேரத்தில் பிள்ளை எரிந்து விழுந்தால், ‘மாத்திரையால்தான் கோபம்’ என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவர் வேளையை மாற்றித் தருவார். பசி குறையும், மதியச் சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வரும். காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் கொடுத்து, இரவிலும் ஈடுகட்ட வேண்டும். மாலையில் தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும். பிள்ளை மந்தமாக உட்கார்ந்திருந்தால் அளவு கூடியிருக்கலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்துவர வேண்டும்.

வகுப்பில் கண்டிப்பு எதைச் சாதிக்கும்? பத்துக் கணக்குள்ள தாளை மடித்து மூன்று மட்டும் தெரியும்படி கொடுத்துப் பாருங்கள், முடிப்பான். ‘நோட்டை எடு, தேதி போடு, பக்கம் 40 திருப்பு’ என்று ஒரே மூச்சில் சொன்னால் முதலாவதோடு நின்றுவிடுவான்.

துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள, ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண் குழந்தைகள் உங்கள் பக்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை. பெரியவர்களுக்கும் இது உண்டு. 17 வயதிலிருந்து 5 அறிகுறி போதும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் ஏ.டி.ஹெச்.டி. இல்லை. அதைப் பற்றியாவது ஒரு தலையங்கம் எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது சிறியதுதான். அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பிள்ளையைக் காட்டலாம் என்பதையும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அதில் சேருங்கள். அந்தத் தாய் இந்த வாரமும் உங்கள் இதழை வாங்குவார்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்.