பொன் அரிக்கும் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், உறுப்பினர்கள், குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் போனதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள காசில்மெயின், சூட்டன் பக்கம்தான். 1851இல் அங்கே பொன் கிடைத்த செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்து, ஃபாரஸ்ட் க்ரீக் ஓடைப் படுகையை அடிப்பாறைவரை புரட்டிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கழிவு மண்ணையே மறுபடி அரித்தார்கள். "இதற்கு மேல் நமக்கு என்ன மிச்சம்?" என்று புதிய உறுப்பினர்கள் கேட்பது நியாயமே.

மிச்சம் இடுக்குகளில் இருக்கிறது. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்குக்கு மேல் கனம்; வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) மூன்று மடங்குகூட இல்லை. வெள்ளம் மணலை அடித்துப் போகும்போது பொடித் தங்கம் ஓடை வளைவின் உள்பக்கத்திலும், நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் பாறை வெடிப்புகளிலும் இறங்கித் தங்கிவிடும். இந்த ஆண்டு பெரிய பள்ளம் பறித்தவர்களுக்கு முதுகுவலிதான் கிடைத்தது. வளைந்த கம்பியும் தூரிகையுமாக ஒரே வெடிப்பைப் பொறுமையாகச் சுரண்டியவர்களின் தட்டில்தான் கருமணலுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. கட்டி எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், எல்லாம் பொடிதான்.

பள்ளம் என்றதும் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும்; அதற்கு முன் நம் உரிமச் சீட்டின் பழங்கதை. பொன் தோண்டுவதற்கான உரிமக் கட்டணத்தை இரட்டிப்பாக்கும் முடிவை எதிர்த்து 1851 டிசம்பர் 15 அன்று இதே சூட்டனில்தான் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டார்கள். 1854இல் பல்லாரட்டின் யுரேக்காவில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து ரத்தம் சிந்திய பிறகே, 1855இல் 'மைனர்ஸ் ரைட்' என்ற தோண்டும் உரிமைச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டு இன்று பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எல்லோரும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தோண்டிய குழியை மூட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் சிலருக்கு மறந்துவிடுகிறது. திறந்து கிடந்த குழிகளில் நம்மவர்கள் தோண்டியவையும் உண்டு. இனி குழியை மூடாமல் கிளம்புபவருக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. கடுமை என்று இருவர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓடையில் மோட்டார் பம்ப் வைக்கலாமா என்ற கோரிக்கையும் வந்தது. கைக்கருவிகளுக்கு மட்டுமே சட்டம் இடம் தருவதால் அதை ஏற்க முடியவில்லை. பழைய கல்சுவர்கள், வட்டமான மண் கரைக்கும் தொட்டிகள், சீனத் தொழிலாளர் குடியிருப்பின் தடயங்கள் எதையும் தொடக் கூடாது. அங்குள்ள பாரம்பரியப் பூங்காவுக்குள் அனுமதித்த பகுதியைத் தாண்டவும் வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கோடையில் தீத்தடை நாட்களில் பயணம் கிடையாது. அரிதட்டு இரவல் வாங்கியவர்கள் இன்றே திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்